சோதனைக் காலத்தில் ஒரு காய்ச்சல் கணக்கு

எங்கள் வகுப்பில் இரண்டு சாதி இருந்தது. ஒன்று பத்தாவது பாஸ், இன்னொன்று ஜி.இ.டி. அரசாங்கத் தேர்வை இப்போது பன்னிரண்டாம் வகுப்பு என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் பர்மாவில், எங்கள் யாங்கோனில், யாரும் வாய் தவறிக்கூட அப்படிச் சொல்வதில்லை. அது பத்தாவதுதான். ஜி.இ.டி. என்பது பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் கணினி முன்னால் உட்கார்ந்து எழுதும் தேர்வு. தேறினால் பள்ளிப் படிப்பு முடித்ததற்குச் சமம் என்று ஒரு சான்றிதழ் வரும். சமம் என்று சான்றிதழ்தான் சொல்லும், ஆட்கள் சொல்ல மாட்டார்கள்.

நான் ஜி.இ.டி. என் தங்கச்சி பத்தாவது பாஸ். எனக்கும் அவளுக்கும் ஏழெட்டு வயது வித்தியாசம் இருந்தும், ஒரே வருஷம் ஒரே சமுதாயக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து செவிலியர் உதவியாளர் படிப்புப் படித்தோம். அப்பா இறந்தபோது நான் ஒன்பதாவதில் இருந்தேன். பசுந்தாங் வட்டாரத்தில் இருந்த எங்கள் வீட்டில் அடுத்த மாதம் அடுப்பு எப்படி எரியும் என்று அம்மா யோசித்து முடிப்பதற்குள் நான் ஃபாக்டரிகள் நிறைந்த லைங் தாயாவில் ஒரு சட்டை ஃபாக்டரியில் சேர்ந்துவிட்டேன். கம்பெனி வண்டியை அங்கே ஃபெரி என்பார்கள். அந்த ஃபெரியில் நின்றுகொண்டே தூங்கக் கற்றேன். தங்கச்சி மட்டுமாவது படிக்கட்டும் என்று நான் பெரிய மனசு பண்ணியதாக உறவுக்காரர்கள் சொல்வார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. அவள் அப்போது பல் விழுந்து முளைக்கிற வயசு, வேலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

பிறகு ஃபாக்டரியில் ஆள் குறைத்தார்கள். நான் ஒரு ஃபோன் கடை மாடியில் நடந்த வகுப்பில் சேர்ந்து, ஜி.இ.டி. எழுதித் தேறினேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினாள். ஆனால் எதிர்வீட்டில் சொல்லும்போது, "சின்னவ பத்தாவது பாஸ். பெரியவளும் ஏதோ ஒரு பரீட்ச எழுதியிருக்கா" என்றாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். சோற்றின் மேல் காட்டுவது பழக்கம்.

கல்லூரியில் சேர்ந்த அன்றே விதியைச் சொல்லிவிட்டார்கள். ஜி.இ.டி. வழியாக வந்தவர்களுக்கு முதல் அரையாண்டு சோதனைக் காலம். அதில் ஒரு பாடத்தில் தவறினாலும் இடம் போய்விடும். பத்தாவது பாஸானவர்கள் தவறினால் மறுபடி எழுதலாம். முன் வருஷங்களில் வந்த எங்கள் கூட்டம் பின்தங்கிவிட்டதாம், பலர் பாதியில் நின்றுவிட்டார்களாம், அதனால் இந்த ஏற்பாடாம். ஏன் நின்றார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வேலை கிடைத்துப் போனவர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஊரை விட்டே போனவர்கள், எல்லாரும் படிப்பு வராதவர்கள் கணக்கில் போய்விட்டார்கள்.

இந்தப் படிப்பை முடித்தால் வெளிநாட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகலாம். முடிக்காவிட்டால் மறுபடி ஃபெரி, அதுவும் ஃபெரியில் இடம் இருந்தால். எனக்கு வேறு கதவு இல்லை. இதை நான் தினமும் பஸ்ஸில் தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டே போவேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

எங்களுக்கு மருந்தளவுக் கணக்கு நடத்தியவரை எல்லாரையும் போல நானும் சயாமா என்றே சொல்கிறேன். பர்மியத்தில் பெண் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பது. அவர் எங்களைத் தமீ என்பார், மகள் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் வேலை பார்த்தவர், கண்டிப்பானவர், நல்லவரும்கூட. அவர் ஒரு கணக்கைப் போர்டில் போட்டு, படிப்படியாகச் செய்து காட்டி, பிறகு எல்லாரையும் சத்தம் போட்டுச் சொல்ல வைப்பார். வகுப்பே ஒரு குரலில் முழங்கும். தங்கச்சிக்கு இது கைவந்த கலை. அரசாங்கப் பள்ளியில் எல்லாப் பாடத்தையும் இப்படித்தான் விழுங்கியிருந்தாள். வீட்டிலும் சாயந்திரம் வராந்தாவில் நடந்துகொண்டே ஒப்பிப்பாள். மேல் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க வரும் பெண்கள்கூட அவளோடு சேர்ந்து ஒரு வரி சொல்லிவிட்டுப் போவார்கள், அவ்வளவு பழகிவிட்டது.

எனக்கு மனப்பாடம் ஓடாது. ஃபோன் கடை மாடியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு வித்தை. திரையில் நாலு விடை இருக்கும். கணக்குப் போடுவதற்கு முன்னால் எது நம்பும்படி இருக்கிறது என்று பார், நம்ப முடியாததைத் தூக்கி எறி என்பார்கள். படிகளை எழுதும் வேலையே இல்லை. அதனால் சயாமாவின் வகுப்பில் என் விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் பாதிதான் வந்தது. "தமீ, எப்படி வந்தது இந்த எண்? வானத்திலிருந்து விழுந்ததா?" என்று கேட்பார். வகுப்பு சிரிக்கும். தங்கச்சியும் சிரிப்பாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. வாய்ப்பாட்டை அவர்கள் பாட்டு மாதிரி சொல்லும்போது நான் பெஞ்சுக்கு அடியில் விரல் மடக்கிக்கொண்டிருப்பேன். பத்தாவதுகள் எங்களைவிடக் கெட்டி என்று சொன்னால் அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அந்த உண்மைதான் என்னை எரிச்சலூட்டியது.

அரையாண்டுத் தேர்வு அன்று காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் ஒரு மாடிக்குத்தான் போதும், ஜெராக்ஸ் மெஷின் ஓடவில்லை. சயாமா கேள்விகளைப் போர்டிலேயே எழுதினார். வேர்வையில் கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைக் குழம்பு கோடு கோடாக இறங்க, நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பெண் அதிகம். அது வகுப்பில் பல முறை ஒப்பித்த கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் மருந்து. ஐந்து மில்லி சிரப்பில் நூற்றிருபது மில்லிகிராம் இருக்கிறது. ஒரு வேளைக்கு எத்தனை மில்லி கொடுக்க வேண்டும்?

போர்டில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்று இருந்தது.

நான் படித்ததும் போட்டுப் பார்த்தேன். அறுபத்திரண்டரை மில்லி வந்தது. மறுபடி போட்டேன், அதேதான். சிரப் பாட்டிலே அறுபது மில்லி. ஒரு வயசுக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு பாட்டில் போதாமல் அடுத்த பாட்டிலையும் திறக்கச் சொல்கிறது கணக்கு. கிலோவுக்குப் பதினைந்து என்று இருக்க வேண்டும், ஒரு பூஜ்யம் கூடிவிட்டது என்று புரிந்தது.

எழுந்து சொல்லலாமா? எங்கள் ஊரில் அப்படிச் செய்கிற வழக்கம் இல்லை. அனாடே என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்று நமக்கு வருகிற கூச்சம். வயதில் பெரியவர், அதிலும் சயாமா, போர்டில் தப்பு எழுதிவிட்டார் என்று வகுப்பின் நடுவில் எழுந்து சொல்வது அடிக்கக் கை ஓங்குவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. அம்மா பேசும் தமிழில்கூட அனாடே வந்து உட்கார்ந்துவிட்டது, அதற்குத் தமிழில் வேறு சொல்லை அவள் தேடுவதே இல்லை. நான் சுற்றிலும் பார்த்தேன். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. எல்லாப் பேனாவும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பெஞ்சிலிருந்து அரை அடி எழுந்திருப்பேன், தங்கச்சி என் காலை மிதித்தாள்.

"ஒக்காருக்கா" என்றாள் மெதுவாக. தமிழில் பேசினால் அந்த வகுப்பில் யாருக்கும் புரியாது.

உட்கார்ந்துவிட்டேன். போர்டில் உள்ளபடி கணக்கைப் போட்டு அறுபத்திரண்டரை என்று எழுதி, அதன் கீழே பர்மியத்தில், "இந்த அளவைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. கேள்வியில் உள்ள எண் தவறு என்று நினைக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சயாமாவைச் சபையில் சங்கடப்படுத்தவும் இல்லை, தப்பை விடவும் இல்லை.

தாள் திரும்பி வந்தபோது அந்தக் கேள்விக்கு முட்டை. படிகள் எழுதாததற்கு அங்கங்கே வெட்டியிருந்ததும் சேர்ந்து, நான் தவறிவிட்டேன். கொஞ்சத்தில்தான். ஆனால் கிணற்றை முக்கால் தாண்டினாலும் விழுவது உள்ளேதான்.

வகுப்பு முடிந்ததும் சயாமாவிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போர்டில் நூற்றைம்பது இருந்தது என்று முடிந்தவரை பணிவாகச் சொன்னேன். அந்தப் போர்டை அன்றைக்கே அழித்திருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு கட்டு விடைத்தாளை என் முன்னால் விரித்தார். எல்லாத் தாளிலும் கிலோவுக்குப் பதினைந்து. எல்லாத் தாளிலும் விடை ஆறேகால் மில்லி. என் தாளில் மட்டும் நூற்றைம்பது.

"தமீ, வகுப்பு முழுவதும் பதினைந்து என்று பார்த்திருக்கிறது. உனக்கு மட்டும் நூற்றைம்பது தெரிந்திருக்கிறது. நீ தப்பாகப் பார்த்து எழுதிவிட்டு, கேள்வியிலேயே பிழை என்று வேறு எழுதியிருக்கிறாய்."

நான் பார்த்தது உண்மை. ஆனால் இத்தனை பேர் எழுதியிருப்பது என் கண் முன்னால் கிடக்கிறது. ஒரு நிமிஷம் என் கண்ணையே நான் சந்தேகப்பட்டேன். ஃபாக்டரியில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் தையல் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன கண்தானே. பிறகுதான் தங்கச்சி ஞாபகம் வந்தது. "என் தங்கச்சி பக்கத்தில் இருந்தாள், அவளைக் கேளுங்கள்" என்றேன். சயாமா தாள்களை அடுக்கிக்கொண்டே, விஷயம் சயாஜீயிடம் போகட்டும், நாளைக்கு இரண்டு பேரும் வாருங்கள் என்றார். சயாஜீ என்றால் எங்கள் கல்லூரி முதல்வர்.

பஸ் நிறுத்தத்தில் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

"போர்டுல என்னடி இருந்தது? நூத்தம்பதுதான?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா? நீயும் அங்கதான ஒக்காந்திருந்த?"

"நான் போர்டப் பாக்கல. பத்துக் கிலோ, காய்ச்சல்னு சயாமா வாயால சொல்லிக்கிட்டே எழுதுனாங்கல்ல, அப்பவே ஆரம்பிச்சிட்டேன். அதான் தெரிஞ்ச கணக்காச்சே."

"மத்தவங்க?"

"அவங்களும் அப்படித்தான்க்கா. யாருக்கா பாத்துக்கிட்டு இருப்பா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வகுப்பு முழுவதும் பதினைந்தைப் பார்க்கவே இல்லை. தொண்டைக்குள் இருந்த பதினைந்தைத் தாளில் இறக்கிவிட்டது. பார்த்தவள் நான் ஒருத்திதான், அதனால் பொய்க்காரியும் நான் ஒருத்திதான்.

"நாளைக்குக் கேட்டா நூத்தம்பதுன்னு பாத்ததாச் சொல்லு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "பாக்கலையேக்கா."

"பாத்தேன்னு சொன்னா உன் தலை போயிடுமா? என் எடமே போகப்போகுதுடி."

பஸ்ஸில் ஏறி அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் அம்மாவிடம் நான்தான் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும், சயாமாவுக்குச் சறுக்காதா? ஆனா அத நீ எதுக்கு எழுதிக் குடுத்த? பதினஞ்சுன்னு போட்டுட்டுப் போயிருந்தா ஒரு தொல்லையும் இல்ல" என்றாள். அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. அன்றும் நான் சாப்பிடவில்லை. தங்கச்சியும் சாப்பிடவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

மறுநாள் சயாஜீ அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அந்த மாடிக்கு ஜெனரேட்டர் உண்டு. இருந்தும் எனக்கு வேர்த்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு இரண்டு பேரும் கும்பிட்டு நின்றோம். சயாமா ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். தங்கச்சி என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. காலையில் பஸ்ஸிலும் கேட்டுப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. பொய் சொன்னால் நான் பிழைப்பேன். உண்மையைச் சொன்னால், பார்க்கவில்லை என்பதுதான் உண்மை, அது எனக்கு எதற்கும் உதவாது. அப்படித்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

சயாஜீ ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாளில் ஏதோ எழுதி, பேனாவோடு தங்கச்சி பக்கம் தள்ளினார். "முதலில் இதைப் போடு" என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

நான் நின்ற இடத்திலிருந்து தாள் தெரிந்தது. பத்துக் கிலோக் குழந்தை, காய்ச்சல், கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம். எல்லாம் அதே கணக்கு. ஆனால் ஐந்து மில்லி சிரப்பில் இருநூற்றைம்பது மில்லிகிராம் என்று எழுதியிருந்தார். பெரிய பிள்ளைகளுக்கு விற்கிற கெட்டியான சிரப். விடை மூன்று மில்லி.

தங்கச்சி பேனாவை எடுத்தாள். தன்னைச் சந்தேகப்படுகிறார்கள், தனக்குக் கணக்கு வருமா என்று பார்க்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். விறுவிறுவென்று எழுதினாள். அழகான எழுத்து அவளுக்கு. முதல் படி சரி. இரண்டாவது படிக்கு வந்தாள். நூற்றி என்று ஆரம்பித்தது பேனா.

அவள் பாதம் என் பாதத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. லேசாக மிதித்திருந்தால் போதும், நிறுத்தியிருப்பாள். நான் மிதிக்கவில்லை. எழுது, எழுது என்று என் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. என் கூடப் பிறந்தவள் தப்புப் பண்ண வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். அப்படி ஒரு வேண்டுதலை நான் அதற்கு முன்னும் பின்னும் வைத்ததில்லை.

நூற்றிருபது என்று எழுதினாள். கோடு போட்டு விடையை எழுதினாள். ஆறேகால் மில்லி. நிமிர்ந்து, இரண்டு கையாலும் தாளை நீட்டினாள்.

சயாஜீ தாளை வாங்கவில்லை. "கேள்வியை வாசி, தமீ" என்றார்.

அவள் சத்தமாக வாசித்தாள். பத்துக் கிலோ என்று வாசித்தாள். பதினைந்து என்று வாசித்தாள். ஐந்து மில்லியில் என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். முகம் வெளுத்தது. குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்தைக் கொடுத்துவிட்டிருந்தாள்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தலையைக் குனிந்தபடி, "ஹௌக்கெ ஷின்" என்றாள், ஆமாம் ஐயா என்பதுபோல. பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "பரீட்சையிலும் நான் போர்டைப் பார்க்கவில்லை, சயாஜீ. எங்களில் யாரும் பார்க்கவில்லை. மனப்பாடத்தை எழுதினோம். அக்கா மட்டும்தான் பார்த்தாள். போர்டில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பார்த்தவளைத்தான் கேட்க வேண்டும்."

நான் சொல்லச் சொன்ன பொய்யைவிட அது எனக்கு எத்தனையோ மடங்கு உதவியது. அதற்கு அவள் கொடுத்த விலை அந்தத் தாளில் இருந்தது, சயாமாவின் செல்லப் பிள்ளையின் அழகான எழுத்தில்.

சயாமா எழுந்து அந்தத் தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "நான் பதினைந்து என்றுதான் எழுதினேன்" என்றார். பிறகு தாளை மேசையில் வைத்து, "எழுதினேன் என்றுதான் நினைத்தேன்" என்றார். நான் தரையில் உட்கார்ந்து அவரை விழுந்து கும்பிட்டேன். ஜெயித்ததற்கு அல்ல. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மருந்தளவுப் பாடத்தை வகுப்பு முழுவதும் மறுபடி எழுத வேண்டும் என்று சயாஜீ உத்தரவு போட்டார். என் சோதனைக் காலம் அப்படியே இருந்தது. "நீ எல்லாப் படிகளையும் எழுதப் பழகு. இந்த முறை தவறினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இனிமேல் உன்னால் ஒரு பிரச்சினையும் என் மேசைக்கு வரக் கூடாது" என்றார். நியாயமாகப் பார்த்தால் பிரச்சினையைக் கொண்டுவந்தது நானா? கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை.

மறுதேர்வு வரைக்கும் வகுப்பில் யாரும் எங்களோடு சரியாகப் பேசவில்லை. பாஸானவர்களை மறுபடி எழுத வைத்த புண்ணியம் என்னைச் சேர்ந்தது. முன்பெல்லாம் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிடக் கூப்பிடும் பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஜி.இ.டி.காரர்கள்கூட ஒதுங்கினார்கள், தங்கள் சோதனைக் காலத்துக்கும் என்னால் ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். வீட்டில் நான் படிகளை எழுதிப் பழகினேன். தங்கச்சி வராந்தாவில் நடப்பதை நிறுத்திவிட்டாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். மேல் மாடிப் பெண்கள் உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார்கள்.

மறுதேர்வு அன்றும் மின்சாரம் இல்லை. சயாமா மறுபடி போர்டில் எழுதினார். இந்த முறை வாயால் எதுவும் சொல்லவில்லை. எழுதி முடித்து, போர்டுக்குப் பக்கத்திலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் தங்கச்சியையும் எதிரெதிர் மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் கடைசிக் கேள்விக்கு வந்தேன். குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம். ஐந்து மில்லியில் இருநூற்றைம்பது. எத்தனை மில்லி?

குழந்தையின் எடை இல்லை.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். எங்கேயும் இல்லை. எடை தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. என்னைச் சுற்றிப் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. பத்துக் கிலோ என்று போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. சயாமா வேண்டுமென்றே விட்டாரா, மறந்தாரா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும். இனிமேல் உன்னால் ஒரு பிரச்சினையும் என்று சயாஜீ சொன்னது காதிலேயே இருந்தது. மறந்திருந்தால், மறுபடி நான் அவரை வகுப்பின் நடுவில் நிறுத்தினவள் ஆவேன். ஃபெரி கண் முன்னால் வந்து நின்றது. பேனாவைத் தாளில் வைத்தேன். வாய் பேசும், கோபம் வரும், சோற்றைத் தள்ளிவிடும் அந்தப் பெண் எங்கே போனாள் என்று தெரியவில்லை. நானும் பத்து என்று எழுதத்தான் போனேன்.

எதிர் மூலையில் பெஞ்சு கிறீச்சிட்டது.

"மன்னிக்கணும், சயாமா" என்று என் தங்கச்சி குரல் கேட்டது. "குழந்தையின் எடை போர்டில் இல்லை."

வகுப்பில் எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்ந்தது. முதலில் அவளைப் பார்த்தார்கள், பிறகு போர்டை. அவள் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்லும் வரை உட்காரவில்லை. சயாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, மார்க்கரைத் திறந்து, எட்டுக் கிலோ என்று எழுதினார். வகுப்பு முழுவதும் எழுதியதைப் பேனாவால் அடிக்கிற சத்தம் கேட்டது. நான் அடிக்க வேண்டியிருக்கவில்லை. பேனா அப்போதுதான் தாளைத் தொட்டிருந்தது. எல்லாப் படிகளையும் ஒன்று விடாமல் எழுதினேன்.

நான் தேறினேன், இடம் தங்கியது. ஆனால் அது பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தேர்வு முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"எடை இல்லன்னு நானும் பாத்தேன்" என்றேன்.

"தெரியும்க்கா. உன் பேனா நின்னுச்சுல்ல, பாத்தேன்."

"நீ ஏண்டி எழுந்த? சயாமாவுக்குக் கோபம் வந்திருந்தா?"

அவள் சாதாரணமாகச் சொன்னாள், கடையில் என்ன வாங்கலாம் என்று சொல்வதுபோல. "வந்தா எனக்கு ஃபெயில் போடுவாங்க. நான் மறுபடி எழுதிக்குவேன். எத்தன தடவ வேணாலும் எழுதலாம். உனக்கு அப்படி இல்லையேக்கா."

பஸ் வந்தது. கூட்டத்தில் அவளை முன்னால் ஏற்றிவிட்டுப் பின்னால் ஏறினேன். அந்த விதியை நான் அரை வருஷமாக வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன். அவள் ஒரு நாளும் திட்டியதில்லை. அந்த விதி எனக்குக் கொடுக்காமல் அவளுக்கு மட்டும் கொடுத்ததை எடுத்து, அன்றைக்கு அவள் எனக்காகச் செலவழித்தாள்.